கை நனைத்த வீடு

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடலாம். தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வேனில் கிளம்பியபோது, எங்கள் கிணற்றுத் தண்ணீரை அப்பா ஒரு கேனில் பிடித்து ஏற்றினார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளைக்குக் கடற்கரை அணுமின் நிலையத்தில் பம்பு மெக்கானிக் வேலை. வீடும் அதன் பக்கத்திலேயே. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. நிரந்தர வேலை என்று அப்பாதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வாரமே ஜப்பானில் சுனாமி வந்து, அணு உலைக் கட்டடம் வெடிப்பதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "மலைக் காத்துல வளந்த பொண்ணு, அத்த கொண்டும்போயி அங்க தள்ளவா?" என்றார் அப்பா. அம்மா இல்லாத வீடு. தங்கை என்னிடம்தான் வந்து நின்றாள்.

"எனக்கு அவரத்தான் புடிச்சிருக்குதுக்கா. நீதான் எப்டியாவது முடிச்சிக்கினு வரணும்."

அங்கே போய் உட்கார்ந்ததும் அப்பா நேராக ஜப்பானுக்குப் போய்விட்டார். "அங்க இன்னாதாங்க ஆச்சு?"

மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். நிலநடுக்கம் வந்ததுமே உலை தானாக நின்றுவிட்டது. ஆனால் நிறுத்தினாலும் உள்ளே சூடு அடங்காது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஓடிய டீசல் ஜெனரேட்டர்களையும் அலை வந்து மூழ்கடித்துவிட்டது. தண்ணீர் நின்றதும் உள்ளே எரிபொருள் உருகியது, வாயு சேர்ந்து வெடித்தது.

"கடலோரமா தாழ்வுல வெச்சா தண்ணி ஏறாதா? மழ காலத்துல நாங்க கெணத்து மோட்டாரையே மேல தூக்கி வெக்கிறோம்."

"இங்க ஒசரத்துலதாங்க வெச்சிருக்காங்க."

"அவங்களும் அப்டித்தான சொல்லிக்கினு இருந்திருப்பாங்க?"

எதையாவது சொல்லிச் சமாளிக்காமல் மாப்பிள்ளை தலைகுனிந்து இருந்தார் பாருங்கள், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவருடைய அம்மா இலை போட்டார். "வர்ற வழியிலயே சாப்டுட்டோம்ங்க" என்று அப்பா எழுந்தார். பச்சைப் பொய். கூட வந்த சித்தப்பா வாசலுக்குப் போய், கேனைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். அந்த அம்மா சாம்பார் வாளியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்க தெனமும் இந்த ஊருத் தண்ணிதாங்க குடிக்கிறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. போய் இலையின் முன் உட்கார்ந்து, "சோறு போடுங்கம்மா" என்றேன். அப்பா முறைக்க முறைக்கப் பிசைந்து வாயில் வைத்தேன். மூத்த பெண் கை நனைத்த பிறகு அவர் மட்டும் எழுந்து போக முடியுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு தங்கைக்குத் தலைவலி வந்தாலும் அப்பா என்னைத்தான் பார்ப்பார். ஜப்பானில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்களிடமிருந்து மற்றவர்கள் ஒதுங்கினார்கள், அந்த ஊர்ப் பெண்களைக் கட்டத் தயங்கினார்கள் என்று பின்னால் படித்தேன். கோபம் வந்தது. எந்த உலையும் வெடிக்காத ஊரில் நாங்கள் செய்ததும் அதுதானே? ஆனால் தங்கை முழுகாமல் இருந்த மாதங்களில் அந்தச் செய்திகளை நான் தொடவே இல்லை. பயம். அவளுக்கு ஏதாவது ஆனால், அன்றைக்கு அந்தச் சோற்றை அள்ளியது என் கை.

தலைப்பிரசவம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில். தங்கையின் மாமியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்ததும், ஆணா பெண்ணா என்றுகூட அவர் கேட்கவில்லை. துணியை விலக்கி, கை, கால், முதுகு, காது என்று தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு கொறையும் இல்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள பொறந்தப்பவும் இப்டித்தான் பாத்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."