காபிப் பொடி வைத்த காயம்

மகளின் நெற்றிக் காயத்துக்குத் தையல் போடவேண்டும் என்று செம்பூர் கிளினிக்கில் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி உண்டு, குத்தாமல் மேலே தடவும் ஜெல்லும் உண்டு என்று படித்திருந்தேன். ஐந்து வயதுக் குழந்தை என்பதால் ஜெல் கேட்டேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். "காபிப் பொடி யாரும்மா வெச்சது?"

"நான்தான். ரத்தம் நிக்கட்டும்னு."

"இதுக்கு மேல ஜெல் தடவினா உள்ள இறங்காது. தேய்ச்சுக் கழுவினா வலி தாங்க மாட்டா. ஊசி போட்டுட்டுத்தான் கழுவணும்."

ஊசி ஏறும்போது அவள் அலறினாள். தலையை நான்தான் பிடித்திருந்தேன். பிறகு கழுவியதும் தைத்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் கேட்டாள், "ஜெல்னா வலிச்சிருக்காதாம்மா?"

"வலிச்சிருக்காது."

"அப்ப ஏன் காபி வெச்ச?"

"ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டேன்" என்றேன்.