சிரிக்கும் பயில்வான்

ஞாயிறு காலை, வில்லியனூரில் பிள்ளைகள் படக் கார்டு மாற்றிக்கொள்ளும் கிளப்பில் ஒரு பையன் புதுப் பாக்கெட்டைக் கிழித்தான். அந்தப் பளபள அட்டையின் வாசனை வந்ததும் எனக்குப் பாகூர் பெட்டிக்கடையும், அங்கே வாங்கிய மல்யுத்த வீரர் கார்டுகளும் நினைவுக்கு வந்துவிட்டன.

ஏழு வயதில் என்னிடம் இருந்த வீரர்கள் எல்லாருமே முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்தாங்கொள்ளி. அவர்களைக் கவிழ்த்தேதான் வைப்பேன். எதிர்வீட்டு முருகனிடம் இருந்த ஒருவன் மட்டும் சிரித்தான். மூலை மடங்கிய, பாயிண்ட் குறைந்த கார்டு. என் முதல் ரேங்க் வீரனைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் அப்பா, காலில் வயல் சேறோடு, என்னை முருகன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“இன்னாடா, சின்னப் பையன ஏமாத்துறியா?”

“அவன்தான் கேட்டான் மாமா!”

முறைப்பவன் திரும்பி வந்தான். என்னை யாரும் கேட்கவில்லை. அவனை மறுபடி கவிழ்த்து வைத்தேன்.

இங்கே கிளப்பில் என் மகள் கவி, மின்னும் டிராகன் கார்டைக் கொடுத்துவிட்டு ஒரு சாதாரண ஆமையை வாங்கப் போகிறாள். தடுக்கப் பாதி எழுந்துவிட்டேன். கிளப் நடத்தும் பெண் வழக்கம்போல் இரண்டு கார்டையும் பெஞ்சில் வைக்கச் சொல்லி, எதற்கு மதிப்பு அதிகம் என்று ஆமைக்காரப் பையனையே சொல்ல வைத்தார்.

“டிராகனுக்குத்தான்,” என்று முனகினான்.

“கேட்டியா கவி? அப்பவும் மாத்திக்கிறியா?”

“மாத்திக்கிறேன்க்கா. எனக்கு ஆமைதான் வேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?”

“அதான் அவளக் கேட்டாச்சே, வுடும்மா,” என்றேன்.

வீடு போய்ச் சேரும்வரை அந்த டிராகனையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.