மரமில்லாத மலைக்கு ஆள் கூட்டிப் போனேன்

டூர் நடத்துகிற தொழிலில் மலை ஏறுவது சுலபம், கூட வந்தவர்களை அது மலைதான் என்று ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேன் பிடித்து, ஜன்னல் சீட்டுக்காகச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் நிலைமையை விளக்கவே வேண்டாம். உத்திரமேரூரில் எனக்கு இதுதான் பிழைப்பு. பல வருஷம் நவக்கிரகம், அறுபடைவீடு என்று கோயில் டூர்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஆசை யாரை விட்டது? போன ஆடி மாதம், இமயமலைக்குள் திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு, டெல்லி வரை ரயில், அப்புறம் வேன் என்று ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிப் போனேன்.

சாமி பேரு இன்னா?

முதலில் பெருநகர் தணிகாசலம் அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். நெல் விவசாயி. அவர் வருகிறேன் என்றால் அந்தத் தெருவில் நாலு பேர் வருவார்கள். பனிமலை, உலகத்திலேயே உயரமான ஊர்கள், பழைய புத்த மடங்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி பேரு இன்னா?" என்றார். புத்தர் என்றேன். "வேண்டுதல் எதுனா செய்யலாமா?" என்றார். புத்தர் ஆசையே படக் கூடாதென்று சொன்னவராயிற்றே என்று நான் விழித்தேன்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வள்ளியம்மா அக்கா முறத்தோடு வெளியே வந்தார். அதுவரை திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாதவர். என்னை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருப்பதியும் மலைதான்னாங்க. நான் பாத்தது முன்னாடி நின்னவன் முதுகுதான். இந்த மலையையாச்சும் கண்ணால காட்டு, நாங்க ரெண்டு பேரும் வரோம்."

பச்சை தீர்ந்த இடம்

சிம்லா தாண்டி இரண்டு நாள் வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம். தேவதாரு, ஆப்பிள் தோட்டம், பாதாளத்தில் சட்லெஜ் ஆறு. அதற்கப்புறம் மழை மேகம் ஏற முடியாத உயரம் வந்துவிடுகிறது. ஒரு வளைவில் மரம் நின்றது. அடுத்த வளைவில் புல்லும் நின்றது. பழுப்பு, சாம்பல், ஊதா என்று மலை மேல் மலையாக மொட்டைக் கல்லும் மண்ணும்தான். எனக்கு அதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. சரி, எல்லாரும் மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தணிகாசலம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, கல் குவாரி பாக்கணும்னா உத்திரமேரூர்லயே டவுன் பஸ் கீதே. அதுக்கா ரயிலேத்தி இட்டுக்கினு வந்த?"

சாயம்

தாபோ என்கிற ஊரில் மண்ணால் கட்டிய மடம் ஒன்று இருக்கிறது. கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதைச் சொல்லும்போது மற்ற ஊர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஆட்களிடம் அது செல்லாது. உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டுக் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். "எங்கூரு கோயிலுக்கு இது தம்பி முறை" என்று ஒருவர் சொல்லிவிட்டு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே இருட்டு. டார்ச் வைத்திருந்த இளம் பிக்கு சுவர் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த சரோஜா மட்டும் ஓரிடத்தில் நின்றவள் நகரவில்லை. வீட்டில் தறி, வாசலில் சின்னச் சேலைக் கடை வைத்திருக்கிற குடும்பம். அவள் பார்த்தது புத்தரை இல்லை, புத்தரைச் சுற்றியிருந்தவர்கள் உடுத்தியிருந்த துணியை. சிவப்பில் வட்ட வட்டமாகப் பூ, அதற்கொரு கரை. விரலைச் சுவரில் வைக்காமல் காற்றிலேயே அந்தப் பூப்புட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பிக்கு என்னிடம், இந்த அம்மா ரொம்பப் பக்தியோ என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சரோஜா சொன்னாள்: "ஆயிரம் வருஷமா சாயம் வுடல பாரு. எங்க கடையில ரெண்டு தண்ணிக்கே சாயம் போச்சுன்னு சண்டைக்கு வராங்க."

உப்பு டீ

அங்கே வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த டீ கொடுப்பார்கள். குளிருக்கும் உயரத்துக்கும் அது நல்லது. மானாம்பதி முருகேசன், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் ஆசையாகப் பார்க்கிறார்கள், வைத்துவிடவும் முடியாது. கண்ணை மூடி முழுக்கக் குடித்தார். குடித்த கிண்ணத்தை உடனே நிரப்புவது அவர்கள் மரியாதை. இன்னொன்றையும் குடித்தார்.

"இத கஞ்சின்னு சொல்லி குடுத்திருந்தா நானே இன்னொரு சொம்பு கேட்டிருப்பேன். டீன்னு சொல்லி பேஜார் பண்ணிட்டாங்க."

மடை

காஜா டவுனுக்கு மேலே ஒரு சின்ன ஊர். பனிமலையிலிருந்து மலைச் சரிவிலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, மொட்டை மலைக்கு நடுவில் பட்டாணியும் பார்லியும் போட்டிருந்தார்கள். மரம் நின்றதிலிருந்து தூங்கிக்கொண்டே வந்த தணிகாசலம் அண்ணன், பச்சையைக் கண்டதும் வேன் நிற்பதற்குள் இறங்கிவிட்டார். ஓடினார். பத்தடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். அப்புறம் நடந்தே போனார்.

ஆங்மோ என்கிற பெண், கல்லையும் புல்கட்டியையும் வைத்து மடை மாற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுத் தானும் ஒரு கட்டியைத் தூக்கி வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்து அரையடி தள்ளி வைத்தாள். ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் அரைமணி நேரம் பேசினார்கள். மீதியை எங்கள் டிரைவர் தென்சின் இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பனி குறைவாக விழுந்த வருஷத்தில் யாருக்கு முதல் தண்ணீர் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்களாம். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பக்கம் ஆயிரம் வருஷம் முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தோம், சட்டதிட்டம் எல்லாம் கோயில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்படியானால் உங்கள் ஊரில் தண்ணீருக்குச் சண்டையே வராதா என்று ஆங்மோ கேட்டாள்.

அண்ணன் சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "கல்லுல எல்லாம் எழுதித்தான் கீது. ஏரி மதகு தொறக்கற அன்னிக்கு மட்டும் யாருக்கும் படிக்கத் தெரியாது."

செருப்பு

அன்று மத்தியானமே வள்ளியம்மா அக்கா சுருண்டுவிட்டார். காலையிலிருந்து மண்டை வலியாம். சொன்னால் கீழேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று மறைத்திருக்கிறார். ஆங்மோ வீட்டில் படுக்க வைத்தபோது வாந்தி, உதடு நீலம். வேனில் இருந்த ஆக்சிஜனை வைத்தேன். உயரம் ஒத்துக்கொள்ளாதவரைக் கீழே இறக்குவதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஆனால் வெயிலில் பனி உருகி, வழியில் இருந்த ஓடை ரோட்டை மறித்துக் கல்லை உருட்டிக்கொண்டு ஓடியது. வேன் தாண்ட முடியாது. தென்சின் கீழே போன் போட்டு, அந்தக் கரைக்கு ஒரு ஜீப்பை வரச் சொன்னான். இவரை இங்கே இழந்துவிட்டு நான் எப்படிப் பெருநகருக்குப் போய் நிற்பேன் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

பட்டாணி பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். தண்ணீரின் வேகத்தை உடைக்க மேல்பக்கமாகக் கைகோத்து வரிசையாக நின்றார்கள். ஆங்மோவின் தம்பி அக்காவைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு இறங்கினான். முருகேசன் அக்கரையைப் பார்த்து "வரலாம், வரலாம், ரைட்ல கல்லு" என்று தமிழிலேயே வழி சொன்னார். யாருக்குப் புரிந்ததோ, எல்லாரும் கேட்டார்கள். பின்னாலேயே தணிகாசலம் அண்ணன் முழங்கால் அளவு பனித் தண்ணீரில், வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு வந்தார். மனைவியின் செருப்பு இரண்டையும் மார்போடு அணைத்திருந்தார். காஜா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். அவர் வேகமாக அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அக்கா மாஸ்கை விலக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லர்ந்து இந்த ஆளு என் செருப்பத் தொட்டதில்ல. இன்னும் ரெண்டு நாளு இப்டியே படுத்துக்கினு கீறேன், நீ ஒண்ணும் அவசரப்படாத."

ஆறு கெஜம்

மறுநாள் பட்டாணி லாரியில் ஏறி ஆங்மோ நோயாளியைப் பார்க்க வந்தாள். ஒரு பை காய்ந்த பட்டாணியும் கொண்டுவந்தாள். நன்றி எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சரோஜா தன் பெட்டியைத் திறந்து, வீட்டுத் தறியில் நெய்த அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். திரும்பும் வழியில் டெல்லியில் கட்டிக்கொள்ள வைத்திருந்தது அது. ஆங்மோ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்தாள். பிரித்துக்கொண்டே போனாள். கட்டிலைச் சுற்றி, கதவு வரை போயும் சேலை முடியவில்லை. தென்சின் காதில் ஏதோ கேட்டாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னான்:

"இதை எத்தனை பேர் சேர்ந்து கட்டிக்கொள்வீர்கள் என்று கேட்கிறாள்."

பட்டாணி

ஊருக்கு வந்த பிறகு தணிகாசலம் அண்ணன் அந்தப் பட்டாணியைச் சுண்டல் செய்ய விடவில்லை. கார்த்திகை கடைசியில் கிணற்றோரமாக ஒரு பாத்தியில் போட்டார். முளைத்தது. மார்கழிப் பனியில் ஒரு சாண் வளர்ந்தது. ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் ஸ்பிதிப் பட்டாணி என்று காட்டினார். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டது. வள்ளியம்மா அக்கா சாக்குப் பந்தல் போட்டுப் பார்த்தார், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன் எனக்குப் போன் செய்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்தப் பட்டாணிக்கு நம்மூர்ல மூச்சு வாங்குதும்மா. நாலு செடிதான் மீதி கீது. அடுத்த தபா எப்போ போறன்னு சொல்லு, கொண்டி வுட்டுட்டு வந்துடலாம்."

வரமாட்டேன் என்பவர்களைக் கெஞ்சிக் கூட்டிப் போவது இந்தத் தொழிலில் பாதி வேலை, போய்வந்தவர்களுக்கு அடுத்த வண்டி எப்போது என்று பதில் சொல்வது மீதி வேலை.