ஆணியின் மேல் போட்ட பழி

என் பட்டறையில் வேலை பார்க்கும் வெயிலுமுத்துவின் அப்பாவுக்கு ஒரு காலத்தில் நான் மூவாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஒரே வருஷத்தில் வட்டியோடு அடைத்தேன். அந்தப் பணத்தில் தாராவியில் தனியாளாக ஒரு மிஷின் போட்டவன், நானே கரண்டு லைன் இழுத்தவன், இன்றைக்குச் சீத்தா கேம்பிலும் கல்யாணிலும் கிளை வைத்திருக்கும் செருப்புப் பட்டறை முதலாளி. படிப்பு மூன்றாம் வகுப்பு. தோலைத் தடவியே ஆடா மாடா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனின் கன்னத்துக்குள் நடந்தது தெரியவில்லை.

வெயிலுமுத்து மாதிரி வேலைக்காரன் கிடையாது. பொடி ஆணிகளை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி அடிப்பான். ஆணி இல்லாத நேரம் அதே கன்னத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் இருக்கும். அங்கே புண் வந்தபோது ஆணி குத்திய புண் என்றான். நானும் அப்படித்தான் சொன்னேன். கூடுதல் விலை கொடுத்துத் துருப்பிடிக்காத ஆணி வாங்கிப் போட்டேன். அவன் ஆணியை வலது பக்கம் மாற்றினான். புகையிலையை மாற்றவில்லை. புண் வலிக்கவில்லை, ஆறவும் இல்லை. தாடைக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி வந்த பிறகுதான் டாக்டரிடம் போனான்.

சோதனை முடிவு வந்த அன்று அவனோடும் அவன் மனைவி பூமாரியோடும் நானும் போனேன். மாட்டுங்காத் தமிழரான டாக்டர் பாகீரதி, புற்றுநோய் என்று நேராகவே சொன்னார்.

"ஆணி குத்துனதாலயாம்மா?" என்றான் வெயிலுமுத்து.

"ஆணி இல்ல. புகையிலையும் சுண்ணாம்பும் தினம் உள்தோலை அரிச்சிருக்கு. அரிச்ச இடத்துல பழைய உயிரணுவைப் பாத்துப் புது உயிரணு உண்டாகணும். திரும்பத் திரும்ப நகல் எடுக்கறச்சே பிழை சேரும். அப்படிப் பிழை சேந்த ஒண்ணு, நிக்கத் தெரியாம பெருகிடுத்து. தீனிக்கு ரத்தக்குழாயைத் தன் பக்கம் இழுத்துண்டுது. அப்புறம் சிலது கழண்டு, கழுத்துல போய் உக்காந்து பெருகறது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி மாதிரில்லா வளந்திருக்கு. தனியா வந்து, லைன் இழுத்து, பிராஞ்சும் போட்டாச்சு."

பூமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரெல்லாம் நான் மார்தட்டிச் சொல்லும் கதை, அவன் கன்னத்துக்குள் நடந்திருக்கிறது. இந்த வயதுவரை அதை என்னிடமே அப்படி ஒருவரும் திருப்பிச் சொன்னதில்லை.

"ஆபரேஷன் வேண்டாம்மா. கத்தி பட்டா பரவிரும்னு பட்டறைல எல்லாரும் சொல்லுதாங்க."

"கழுத்துக் கட்டி எப்ப வந்தது?"

"தீவாளிக்கு முந்தி."

"என்கிட்ட எப்ப வந்தேள்?"

"தை மாசம்."

"அதுக்குள்ள எந்தக் கத்தி பட்டுது?"

அவன் தாடைக்குக் கீழே இருந்த கட்டியைத் தடவிப் பார்த்தான்.

"ஸ்கேன்ல நெஞ்சு சுத்தமா இருக்கு. இப்பவே கன்னத்துலயும் கழுத்துலயும் எடுத்துடணும். தள்ளிப்போட்டா நுரையீரலுக்கும் போகலாம்."

"கத்தியே இல்லாம கழுத்துக்கு வந்துட்டே," என்றாள் பூமாரி. "இன்னும் எதுக்குப் பயப்படுதிய?"

"திங்கக்கிழமை சேந்துக்கிடுதேன்மா," என்றான் வெயிலுமுத்து.

வாசலில் வைத்து, "ஆஸ்பத்திரிச் செலவு பூரா என்னோடது லே," என்றேன்.

"அது ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. இந்த வாரக் கூலியை இப்பமே இவ கைல குடுங்க. வீட்ல அரிசி இல்ல."

ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தேன். கணக்குத் தப்பியது. மறுபடியும் முதலிலிருந்து, ஒவ்வொரு தாளாக, பூமாரி விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.