டிரைவரை மாற்றிவிட்டார்கள்

நைட் ஷிப்ட் முடிந்தும் என் இடத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. சொல்லப் போனேன். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் ஏதோ வெளிநாட்டு இருபத்துநான்கு மணி நேர கார் ரேஸில் மூழ்கியிருந்தார்.

"பார்ரா, டிரைவர மாத்திட்டான். ஒருத்தனே ஓட்டிக்கினு இருந்தா கண்ணு சொருகிடும். அவனும் மனுசன்தானே" என்றார் உருக்கமாக.

"சார், என் ரிலீவர் இன்னும் வரல."

"அப்ப நீயே கன்டினியூ பண்ணு. வயசுப் பையன், இன்னா ஆயிடப் போவுது."

நான் கையை உள்ளே விட்டு வேலை செய்வது இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில். அவருடைய ரிலீவர் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார். மிச்ச ரேஸை வீட்டில் பார்க்கக் கிளம்பிவிட்டார் மனுசன்.

பகல் ஷிப்டையும் முடித்துவிட்டு, ஒரகடம் பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். ரேஸ் இன்னும் ஓடுகிறது. இப்போதுதான் மறுபடி டிரைவரை மாற்றினார்கள்.

அந்த ரேஸில் ஆள் எடுக்கிறார்களா, யாருக்காவது தெரியுமா?