சபியா இறங்கிய மணி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

நான் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. அறுபதுகளின் நடுவில், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் சபியா சிங்கப்பூரிலிருந்த புருஷனிடம் போனாள். மச்சினன் மதராஸ் வரை ரயிலில் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டில் பெருக்க மாட்டோம், பெருக்கினால் போனவருக்கு ஆகாது என்பார்கள். அதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத நான், அவள் படியிறங்கியதுமே விளக்குமாற்றைச் சாமான் அறையில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மனைவி கதீஜா மறந்துபோய் எடுத்துவிடுவாளோ என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், அவள் விமானம் ஏறுகிற அன்று, பக்கத்துக் கிடங்கிலிருந்து பறந்துவந்து கூடமெல்லாம் மிளகுத் தூசி.

"எப்பங்க கூட்டலாம்? நடந்தாலே தும்மல் வருது," என்றாள் கதீஜா.

தேசப்படத்தில் நூல் வைத்து அளந்திருந்தேன். ஆயிரத்து எண்ணூறு மைல், ஜெட் விமானத்துக்கு ஐந்து மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டைப் பார்த்துக் குறித்த காகிதத்தில் காலை பத்துக்குப் புறப்பாடு, மாலை ஐந்துக்கு இறக்கம் என்றிருந்தது. காகிதத்தை நம்பினேன்.

"அஞ்சு மணிக்கு மேல கூட்டு."

"கடல் தாண்ட ஏழு மணி நேரந்தானா? நம்ம எர்ணாகுளம் போயிட்டு வர்றதுக்கே அரை நாளாகும்," என்று சிரித்தாள்.

மூன்று மணி இருக்கும், இருவரும் அடுக்களையில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் ஈர்க்குச்சி தரையில் உரசும் சத்தம், அவசரமே இல்லாமல். போய்ப் பார்த்தால் யாருமில்லை, முன்கதவு உள்ளே தாழிட்டபடி. தூசி வாசற்படி ஓரம் குவிந்திருந்தது. தரையில் கோடுகள் இடப்பக்கமாக வளைந்திருந்தன. எங்கள் வீட்டில் இடக்கைக்காரி சபியா மட்டும்தான்.

கதீஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பிள்ள இன்னும் ஆகாசத்துல இருக்கா. நீங்கதான் கூட்டுனீங்களா, சொல்லிருங்க."

"உன்கூடத்தானே சாயா குடிச்சேன்."

சாமான் அறைக்கு ஓடினேன். விளக்குமாறு நான் வைத்த இடத்திலேயே இருந்தது, நுனியில் புதுத் தூசியோடு.

மறுநாள் தந்தி வரும்வரை இருவரும் சாப்பிடவில்லை. சுகமாய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு கடிதத்தில் எழுதியிருந்தாள், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி முந்தி ஓடுகிறதாம், அவள் இறங்கிய ஐந்து மணி நமக்கு மூன்று மணியாம். படித்தவனான எனக்கு அது தோன்றவில்லை, பெருக்கியது யாரோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கர்ப்பிணியைப் பயமுறுத்த வேண்டாமென்று அவளுக்கு நாங்கள் எதையும் எழுதவில்லை. அந்த விளக்குமாற்றையும் பிறகு தொடவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக் கதவோரம் சாத்தினோம்.

இரண்டு வருடம் கழித்துக் குழந்தையோடு வந்தாள். குழந்தை பொரியைக் கொட்டிவிட்டது. சபியா கதவோரம் இருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சாமான் அறைக்குப் போனாள், பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பழையதை எடுத்துவந்தாள்.

"அது அங்க இருக்குன்னு யாரும்மா சொன்னா?" என்றேன்.

விளக்குமாற்றை இடக்கையில் பிடித்தபடி என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"நான்தானே அத்தா அங்க வச்சேன்."