எங்கள் கடையில் புரோட்டீன் என்றால் கறி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம். வாரம் தவறாமல் வருகிற அந்தோணி சார், ரிடையர்டு கணக்கு வாத்தியார், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மெல்லத் தள்ளி வைத்தார்.

நான் கல்லாவில் இருந்தேன். கை கழுவிவிட்டு வந்தவர், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏம்மா, பாய்க்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்காரு சார். ஏன்?"

"பிரியாணி சப்புன்னு இருக்கும்மா. போன வாரம் உப்பு கரிச்சுச்சு. இந்த வாரம் உப்பே இல்ல. பாய் கையில இப்பிடி ஆகாதே..."

எனக்குத் திக்கென்றது. பேகம்பூரில் எங்களுடையது சின்னக் கடைதான். என் வீட்டுக்காரர் காதர்தான் அங்கே முதலாளி, மாஸ்டர் எல்லாம். அரிசி போடுவதற்கு முன்னால், கறி கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடுவார். "ம்..." என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் சீரகச் சம்பா அண்டாவுக்குள் இறங்கும். எனக்குத் தெரிந்து அந்த "ம்" ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

எழுந்து உள்ளே போனேன். அடுப்படிக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பாடு தெரியுமா? தயிர் சோறு! தொட்டுக்கொள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய்!

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற மனுஷர், வெள்ளிக்கிழமை மத்தியானம், சொந்தக் கடையில் ஒளிந்து உட்கார்ந்து தயிர் சோறு சாப்பிட்டால் பெண்டாட்டி என்னவென்று நினைப்பாள்?

"என்னங்க இது?"

"வயிறு சரியில்ல நூரு."

"எம்புட்டு நாளா?"

ஊறுகாயைப் புரட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கறிய விட்டுட்டேன். கொஞ்ச நாளைக்கு."

"ஏன்?"

"புரோட்டீன்..."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கை கழுவிவிட்டு வந்துவிடுங்கள். விஷயம் சிறுநீரைப் பற்றியது. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. நாலு பேருக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "சூடு" என்றார். நாள் முழுக்க விறகடுப்பு முன்னால் நிற்கிறவருக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று நானும் தலையாட்டினேன். சூடு... எவ்வளவு வசதியான வார்த்தை! கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. இளநீர், நன்னாரி சர்பத், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று எல்லா வைத்தியமும் நடந்தது. சிவப்பு நின்றுபோனது. சூடு தணிந்தது என்று சந்தோஷப்பட்டோம்.

மறுபடி வந்தது. இந்த முறை எங்கள் மகள் விடவில்லை. "அத்தா, கெளம்புங்க" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேமரா வைத்த ட்யூபைச் சிறுநீர் வருகிற வழியிலேயே உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பையில் சின்னதாய் ஒரு கட்டி. கேன்சர்தான். ஆரம்பத்திலேயே பிடித்ததால் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நிதானமாகப் பேசுவார். "முன்னாடி என்ன வேலைங்க பாத்தீங்க?" என்று கேட்டார். இளவட்ட வயதில் தோல் பதனிடுகிற இடத்தில், சாயம் ஏற்றுகிற பிரிவில் இருந்ததை இவர் சொன்னார். சிகரெட்டையும் ஒத்துக்கொண்டார். "ரெண்டுமே ஒரு காரணமா இருக்கலாமுங்க" என்றார் டாக்டர். சிகரெட் அன்றோடு போனது.

கட்டியை எடுத்ததோடு முடிந்ததா? அதுதான் இல்லை. இது திரும்பி வரக்கூடிய ஜாதி. அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை ட்யூப் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்க நெருங்க வீட்டில் பேச்சு குறையும். டிவி சத்தம் மட்டும் கேட்கும்.

இந்தத் தடவை டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். "ட்யூப் போடறதுக்கு முன்னாடி யூரின்ல ஒரு டெஸ்ட் பாத்துரலாமுங்க. பையில கட்டி வந்தா சில புரோட்டீனுங்க யூரின்ல ஜாஸ்தியாத் தெரியும்."

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அது ஏதோ ஒரு டெஸ்ட்டாகத்தான் கேட்டது. அவருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

அதற்குக் காரணம் எங்கள் கடைக்கு எதிரே வந்திருக்கிற ஜிம்! அங்கே உடம்பை முறுக்குகிற தம்பிகள் நேராக இங்கே வருவார்கள். "பாய், சோறு வேணாம். புரோட்டீன் மட்டும் வைங்க." சப்ளையர் உள்ளே பார்த்துக் கத்துவார். "ரெண்டாம் டேபிளுக்கு ஒரு புரோட்டீன்!" அப்படியே பழகிவிட்டது. எங்கள் கடையில் புரோட்டீன் என்றால் கறி. வேறு அர்த்தமே கிடையாது.

ஆக, என் வீட்டுக்காரர் போட்ட கணக்கு இதுதான். சிறுநீரில் புரோட்டீன் வந்தால் கட்டி. புரோட்டீன் என்றால் கறி. கறியை விட்டால் புரோட்டீன் வராது. புரோட்டீன் வராவிட்டால் கட்டி இல்லை. கட்டி இல்லாவிட்டால் ட்யூப் இல்லை! அந்தோணி சார்கூட இவ்வளவு சுருக்கமாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

"அப்ப உப்பு பாக்கவும் நாக்குல வைக்கலையா?"

"அதுலயும் கறிச்சாறு இருக்குல்ல..."

சிரித்துவிட்டேன். வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ சிரி. மறுபடி வந்துருச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றது நூரு?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ட்யூபுக்குப் பயப்படுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய பயம் அதுவல்ல. எனக்கும் அதே பயம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

டெஸ்ட் கறியைப் பற்றியது இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சாம்பிள் கொடுக்கிற வரைக்கும் தயிர் சோறுதான். வெளியூர் லேபுக்குப் போன ரிசல்ட் வந்ததும் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். போய் உட்கார்ந்தோம்.

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்குங்க."

இவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பரீட்சையில் மார்க்கைக் குறைத்துவிட்ட வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் கறியே தொடலையே சார். ஒரு சொட்டு சாறுகூட நாக்குல வைக்கல. அப்புறம் எங்கேருந்து சார் வந்துச்சு?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தயிர் சோறு, ஜிம், ரெண்டாம் டேபிள் என்று எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து எங்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க பாய், நீங்க தின்ற கறி செரிமானத்துல கரைஞ்சு போயிருமுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாங்க தேடறது பையோட உள்தோல்ல இருந்து வர்ற புரோட்டீனுங்க. அந்தத் தோல்ல கெட்டது ஏதாச்சும் வளந்தா, அதுல இருந்து உதிர்றது யூரின்ல கலந்து வரும்."

தோல் என்றதும் இவர் நிமிர்ந்தார். "ஊறப்போட்ட தண்ணியப் பாத்தே தோலு கெட்டுருக்குன்னு சொல்லுவோம். அந்த மாதிரியா சார்?"

"அதேதானுங்க! ஆனா இத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கிருமி இருந்தாலும் ஏறும், கல்லு இருந்தாலும் ஏறும். எரிச்சல் எதாச்சும் இருக்குதுங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார்.

"இருக்கு சார். சூடுன்னு நெனச்சேன்."

மறுபடியும் சூடு! டாக்டர் மட்டும் எதிரில் இல்லையென்றால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அன்றைக்கே சிறுநீரைப் பார்த்ததில் கிருமி இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்து, அதை முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். வந்ததும் ட்யூப், அதோடு அந்தப் புரோட்டீன் டெஸ்ட்டும் இன்னொரு முறை. "கிருமியாலதான் ஏறியிருக்கும்" என்று டாக்டர் சொல்லவில்லை. "இருக்கலாமுங்க" என்றுதான் சொன்னார். அந்த "லாமுங்க"வை வைத்துக்கொண்டு நாங்கள் கடத்திய நாட்களை எப்படிச் சொல்ல... அவர் கறி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ட்யூப் போட்ட அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். பாதியில் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டர் மாஸ்க்கை இறக்கினார்.

"சுத்தமா இருக்குங்க."

அழுதுவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால், சத்தமாக. என் வீட்டுக்காரர் வெளியே வந்து, "ஏய், நல்ல சேதிக்கு எதுக்கு அழுகுற?" என்று அதட்டினார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. சில நாளில் இன்னொரு டெஸ்ட்டின் ரிசல்ட்டும் வந்தது. புரோட்டீன் நார்மல்!

"அப்ப இனி ட்யூபே வேணாமா சார்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"வேணுமுங்க. இது அதுக்குத் தொணைதான், பதில் இல்ல" என்றார் டாக்டர். இவர் முகம் கொஞ்சம் வாடியது. இருந்தாலும், வீட்டுக்கு வருகிற வழியில் பூ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத ஆளிடம்கூட நம் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். பாயசத்தை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டே சொல்கிறோம்! சிறுநீரில் ரத்தம் என்றால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை. சூடு என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுகிறோம். வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிவப்பாகப் போனாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். இளநீரை வருகிற வழியில் குடித்துக்கொள்ளலாம்.

போன வெள்ளிக்கிழமை. அண்டா கொதிக்கிறது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டார், நக்கினார், கண்ணை மூடினார். "ம்..." அந்தோணி சார் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அப்போது எதிர் ஜிம்மிலிருந்து ஒரு தம்பி வியர்வையோடு வந்தார்.

"பாய், புரோட்டீன் இருக்கா?"

என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் விரித்தார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இல்லப்பா! அல்ஹம்துலில்லாஹ், இல்லவே இல்ல!"

அண்டா நிறையக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால், பாவம், அந்தத் தம்பி என்ன நினைப்பார்?